பீப்பாயில் நொதித்த வெள்ளை ஒயினில் வெனிலா எங்கே போனது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 'பீப்பாயில் நொதிக்கவைத்தது' என்று லேபிளில் போட்ட ஷார்டனே, அதாவது அந்தப் பெயருள்ள வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின், இரண்டு பாட்டில் வாங்கியிருக்கிறீர்கள். வெனிலாவும் வெண்ணெயும் கமகமவென்று வரும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். திறந்ததும் உங்களுக்கு வந்ததோ தீக்குச்சி கிழித்த வாடை. குடித்தால் புளிப்பு, கூடவே ஏதோ ஒரு வழவழப்பு. வெனிலா மருந்துக்கும் இல்லை. ஒயின் கெட்டுப்போயிருக்குமா, மிச்சமிருக்கும் பாட்டிலை எத்தனை வருடம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் தெரிகிற மணம் எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை, மூக்கில் ஏதாவது கோளாறா? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மூக்கில் கோளாறு இல்லை. நண்பர் சொன்னதில்தான் பாதி பிழை. நான்கு அறுவடைக் காலம் ஒயின் நிலவறையில் பீப்பாய் கழுவியும் உருட்டியும் இருக்கிறேன். அப்புறம் பன்னிரண்டு வருடமாக ஒயினைச் சுவைத்துக் குறிப்பு எழுதுவதே வேலை. அப்படியிருந்தும், பீப்பாயில் நொதித்த வெள்ளை ஒயினில் மரத்தை மூக்கால் தேடக்கூடாது என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த 'வழவழப்பு', அதில்தான் விஷயமே இருக்கிறது.

வெள்ளை ஒயின் பீப்பாய்க்குள் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, சாறு ஸ்டீல் தொட்டியில் நொதித்து ஒயினாகி, ஈஸ்ட் அடங்கிய பிறகு பீப்பாய்க்குப் போவது. இன்னொன்று, பிழிந்த சாறு ஓரிரவு தெளிந்ததும், இனிப்பு இருக்கும்போதே பீப்பாய்க்குள் இறங்கி, அங்கேயே நொதித்து, அங்கேயே மாதக்கணக்கில் கிடப்பது. உங்கள் லேபிள் சொல்வது இரண்டாவதை. நுரை பொங்கும் என்பதால் பீப்பாயை முழுக்க நிரப்பமாட்டார்கள், மேலே பத்தில் ஒரு பங்கு காலியாக விடுவார்கள். அப்படியும் காலையில் போய்ப் பார்த்தால் சில பீப்பாய்களில் மூடித்துளை வழியாக நுரை வழிந்து வயிற்றுப் பகுதியில் காய்ந்திருக்கும். அதைத் துடைப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. ஸ்டீல் தொட்டியைக் குளிரவைத்து 12 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் பிடித்து வைக்க முடியும். பீப்பாய்க்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது, அறையின் குளிர்ச்சியை நம்பித்தான் இருக்கவேண்டும். உள்ளே சூடு 20 டிகிரியைத் தாண்டும், சில நாள் 25ஐத் தொடும். அந்தச் சூட்டில் பழ மணம் தரும் எஸ்டர்கள் கொஞ்சம் பறந்துவிடும். ஸ்டீல் தொட்டியில் குளிர நொதித்த ஒயினில் வரும் அன்னாசி, வாழைப்பழ மணங்கள் இதில் அடங்கியிருப்பதற்கு அது ஒரு காரணம்.

இப்போது வெனிலா. பீப்பாய் செய்யும்போது பலகைகளை வளைக்க உள்ளே தீ மூட்டுவார்கள். அந்தச் சூட்டில் ஓக் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலாக் காயில் இருக்கும் அதே பொருள்தான். மரத்திலிருந்து இன்னும் பலவும் வரும்: கிராம்பு மணத்துக்கு யூஜெனால், புகை மணத்துக்கு குவாயகால், தேங்காய் மணத்துக்கு ஓக் லாக்டோன். நொதித்து முடிந்த ஒயினைப் புதுப் பீப்பாயில் ஊற்றினால் இவையெல்லாம் நேராக அதில் கரைந்து உங்கள் கிளாசுக்கு வந்து சேரும். சாறாகவே ஊற்றினால் நடுவில் ஈஸ்ட் புகுந்துவிடுகிறது. உயிரோடிருக்கும் ஈஸ்ட், வெனிலினை வெனிலில் ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதற்கு மணம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மரத்தின் துவர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியும் ஈஸ்ட் வண்டலோடு ஒட்டி அடியில் படிந்துவிடும். பிரான்சின் போர்டோ (Bordeaux) பல்கலைக்கழகத்தில் டெனி துபூர்தியூவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆக, ஒரே மாதிரிப் புதுப் பீப்பாயில் நொதித்த ஒயினும், நொதித்த பின் அதில் ஊற்றிய ஒயினும் இருந்தால், முதலாவதில்தான் மர வாசனை குறைவாக இருக்கும், நிறமும் வெளிறியிருக்கும். கேட்டால் நம்பமுடியாதுதான். ஒரே சாற்றை இரண்டு விதமாகச் செய்த ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்கும்வரை நானும் நம்பவில்லை.

வெண்ணெய் மணமோ மரத்திலிருந்து வருவதே இல்லை. திராட்சையில் இருக்கும் மாலிக் அமிலத்தை, அதாவது பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பை, ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பால் புளிக்கும்போது உண்டாகும் மென்மையான புளிப்பு அது. இதற்கு மலோலாக்டிக் நொதித்தல் என்று பெயர். அந்தப் பாக்டீரியா வழியில் விட்டுப்போகும் டைஅசிட்டைல் என்ற பொருள்தான் வெண்ணெயாக மணக்கிறது. ஸ்டீல் தொட்டியிலும் இது நடக்கும், எனவே மரமே படாத ஒயினும் வெண்ணெய் மணக்கலாம். பீப்பாயில் இதை நடக்கவிடாமல் தடுத்துவிட்டால் மரம் இருக்கும், வெண்ணெய் இருக்காது. இன்னொரு சுவாரஸ்யம், ஒயின் ஈஸ்ட் வண்டலோடு நீண்டநாள் கிடந்தால் ஈஸ்ட் அந்த டைஅசிட்டைலையும் தின்று மணமற்றதாக்கிவிடும். பொறுமையாகச் செய்த பீப்பாய் ஒயினில் வெண்ணெய் அடங்கியிருப்பது அதனால்தான். உங்கள் ஒயினில் புளிப்பு கூர்மையாக இருந்தது என்றால், செய்தவர் மலோலாக்டிக்கை முழுக்கவோ பாதியோ தடுத்திருக்கலாம்.

சரி, வெனிலாவும் போய், வெண்ணெயும் போய்விட்டால் பீப்பாய் எதற்கு? வழவழப்புக்கு. நொதித்து முடித்த ஈஸ்ட் செத்து அடியில் மெல்லிய சேறுபோல் படியும். ஸ்டீல் தொட்டி உயரமானது, அங்கே ஒயினின் பெரும்பகுதிக்கும் வண்டலுக்கும் தொடர்பே இருக்காது. படுத்திருக்கும் பீப்பாயில் வண்டல் பரவலாகக் கிடக்கும், கையெட்டும் தூரத்தில் ஒயின். துளை வழியாக ஒரு கம்பியை விட்டு அவ்வப்போது கலக்கியும் விடுவார்கள். பிரெஞ்சில் இதை பட்டோனாஜ் என்கிறார்கள். செத்த ஈஸ்ட் மெல்ல உடைந்து அதன் தோலில் இருக்கும் மேனோபுரோட்டீன்கள் ஒயினில் கரையும். நாக்கின் மேல் மெல்லிய துணி விரித்தாற்போன்ற உணர்வுக்கு அவையும் ஒரு காரணம். மரத்தின் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் உள்ளே போகும். வண்டலோ ஆக்சிஜனை உறிஞ்சும். இந்த இழுபறியில் ஒன்பது மாதம், ஒரு வருடம் கிடந்த ஒயின், கனமாக இருக்கும், ஆனால் தளர்ந்திருக்காது. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மெர்சோ என்ற ஊரில் இந்த முறை ஊறிப்போனது. போர்டோ அருகே, 1987இல் தனி ஒயின் பகுதியாகப் பெயர் பெற்ற பெசாக்-லெயோன்யானில் சோவிஞோன் பிளாங்க், செமியோன் என்ற வெள்ளைத் திராட்சைகளை இப்படிச் செய்கிறார்கள். பிரான்சின் லுவார் பகுதியில் ஷெனின் பிளாங்க் திராட்சைக்கும் இது நடக்கிறது.

பீப்பாய் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர், போர்டோவினுடையது 225. இப்போது பலர் 500, 600 லிட்டர் பீப்பாய்களுக்குப் போகிறார்கள். பெரிதாக ஆக ஆக, ஒரு லிட்டர் ஒயினுக்குக் கிடைக்கும் மரப்பரப்பு குறையும். ஜெர்மனியின் மோசெல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையை 1000 லிட்டர் பழம் பீப்பாயில் நொதிக்கவைக்கும் வழக்கம் உண்டு, அதில் மர வாசனையைத் தேடினாலும் கிடைக்காது. புதுப் பீப்பாய் முதல் முறைதான் நிறையக் கொடுக்கும். மூன்றாவது நான்காவது முறைக்குள் அது வெறும் பாத்திரம் மாதிரி ஆகிவிடும். லேபிளில் 'பீப்பாயில் நொதித்தது' என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பீப்பாய் எவ்வளவு பெரிது, எத்தனை வருடம் பழையது என்று சொல்ல வழியில்லை. அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தூக்கலாக இருக்கும், பிரெஞ்சு ஓக் அடக்கமானது. இந்த வேறுபாடு உறுதியானது.

தீக்குச்சி வாடைக்கு வருகிறேன். இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் சொல்லிக் குழம்புகிறோம். ஒன்று, ஒயினைக் காக்கப் போடும் கந்தக டைஆக்சைடு. அது அதிகமானால் மூக்கைக் குத்தும், தும்மல்கூட வரும். கிளாசைச் சுழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் பெரும்பாலும் தணியும். இன்னொன்று பென்சீன்மீத்தேன்தயோல் என்ற கந்தகச் சேர்மம். ஒரு லிட்டரில் ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு வீரியம். இது குத்தாது. தீக்குச்சி, அடுத்து கருகிய ரொட்டி ஓரம் என்று போகும். நல்ல ஷார்டனேக்களில் இது இயல்பாகவே வரும், சிலர் வேண்டுமென்றே வரவைக்கிறார்கள். சாற்றை அதிகம் தெளியவிடாமல் கலங்கலாகவே நொதிக்கவிடுவது, வண்டலோடு நீண்டநாள் வைப்பது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இன்னும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது வகையாகத் தோன்றுகிறது. பாட்டிலை நான் முகராமல் அதற்கு மேல் உறுதி சொல்வது நேர்மையில்லை. ஒரு சோதனை சொல்கிறேன். அரைக் கிளாஸில் சுத்தமான செம்புத் துண்டு ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து முகருங்கள். வாடை மங்கினால் அது இந்தச் சேர்மமோ அதன் உறவுக்காரர்களோதான். அந்தக் கிளாசைக் குடிக்கவேண்டாம், கொட்டிவிடுங்கள். அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் என்று வாடை போய், ஒரு மணி நேரமாகியும் விலகாமல் நின்றால் மட்டும் அது குறை.

இனி குடிக்கும் முறை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் 5 டிகிரியில் இருக்கும், அந்தக் குளிரில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் முன்னால் நிற்கும். இவ்வகை ஒயினுக்கு 11 முதல் 13 டிகிரி ஏற்றது. வெளியே எடுத்து இருபது நிமிடம் மேஜையில் வைத்தாலே போதும். கிளாஸ் வயிறு அகன்றதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம். முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குறிக்கவேண்டியது. மணங்களுக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்.

பிறகு ஒரு சின்ன மிடறு. விழுங்காமல் வாய்க்குள் ஐந்தாறு விநாடி உருட்டுங்கள். இங்கே கவனிக்க மூன்று இடம் இருக்கிறது. நாக்கின் நடுப்பகுதியில் கனம் தெரிகிறதா, அல்லது தண்ணீர் மாதிரி ஓடிவிடுகிறதா? கன்னத்தின் உட்புறமும் ஈறும் லேசாக உலர்ந்து பிடிக்கிறதா? அது மரத்தின் டானின், அதாவது துவர்ப்புப் பொருள். வெள்ளை ஒயினில் மெல்லியதாக இருந்தால் நல்லது, நாக்கைச் சுரண்டினால் மரம் ஒயினை மீறிவிட்டது என்று பொருள். மூன்றாவது, விழுங்கிய பின் அல்லது துப்பிய பின் புளிப்பு எங்கே போகிறது? ஸ்டீலில் செய்த ஒயினில் புளிப்பு முன்னால் பளிச்சென்று வந்து முடியும். நல்ல பீப்பாய் ஒயினில் புளிப்பு கடைசியில்தான் எட்டிப்பார்க்கும், அதற்கு முன்னால் வழவழப்பு அதைப் போர்த்தியிருக்கும். இந்த வரிசையைக் கவனிக்கப் பழகினால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். பத்து நிமிடம் விட்டு அடுத்த மிடறு, அரை மணி விட்டு இன்னொன்று. காற்றுப்படப்பட இவ்வகை ஒயின் விரிந்துகொண்டே போகும்.

மணங்களைக் கற்க ஆசையிருந்தால் அதற்கும் ஒரு எளிய வழி உண்டு. மரம் படாத, மணம் குறைந்த வெள்ளை ஒயினை நான்கு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் துளி வெனிலாச் சாறு, ஒன்றில் ஒரு கிராம்பைச் சில நிமிடம் ஊறவைத்து எடுத்தது, ஒன்றில் கடுகளவு வெண்ணெய், கடைசியில் ஒன்றும் போடாமல் வைத்து முகர்ந்து பாருங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984இல் வெளியிட்ட, ஒயின் மணங்களின் பெயர்களை வட்டமாக அடுக்கிய மணச் சக்கரத்துக்கு அடிப்படையே இப்படி நிஜப் பொருள்களை வைத்துச் சொற்களைப் பழகுவதுதான். கவிதை எழுதக் கற்றுக்கொடுக்க அவர் அதைச் செய்யவில்லை.

நண்பர் சொன்னது உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு மூக்கில் கோளாறு காரணமில்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு சாட்சி. போர்டோவில் ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததற்கு அவர்கள் எழுதிய சொற்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்கள். 2001இல் வெளியான அந்த ஆய்விலும் துபூர்தியூவுக்குப் பங்குண்டு. கண்ணும் லேபிளும் மூக்குக்கு முன்னால் ஓடிவிடுகின்றன. என் கதையும் அதுதான். ஒருமுறை லேபிளை மறைத்துச் சுவைக்கும் கூட்டத்தில், "இது புதுப் பீப்பாயில் நொதித்தது, சந்தேகமே இல்லை" என்று உரக்கச் சொன்னேன். ஸ்டீல் தொட்டியில் ஓக் பலகை தொங்கவிட்டுச் செய்தது என்று தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஓக் துண்டுகளை 2006லேயே அனுமதித்துவிட்டது, நான்தான் மறந்துவிட்டேன். பீப்பாயில் நொதித்ததா, நொதித்த பின் பீப்பாய்க்குப் போனதா என்று வாயில் வைத்து ஊகிக்கலாம், அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. முடியும் என்பவரிடம் லேபிளை மறைத்து ஆறு கிளாஸ் நீட்டிப் பாருங்கள்.

ஒயின் பேச்சில் உறுதியானதுபோல் புழங்கும் இன்னும் இரண்டு விஷயம் உறுதியானவை அல்ல. இந்தப் பீப்பாய் பிரான்சின் த்ரோன்சே காட்டு மரம், அது வோஷ் காட்டு மரம், சுவையே வேறு என்பார்கள். காட்டைவிட, மரத்தின் இனம், நெருங்கிய இழையா அகன்ற இழையா, எத்தனை வருடம் வெயில் மழையில் உலர்ந்தது, எவ்வளவு சுட்டார்கள் என்பவை பெரிதாகப் பேசும் என்பது என் அனுபவம். அப்புறம் 'கனிம மணம்', 'கல்லின் சுவை'. மண்ணில் இருக்கும் கல் நேராக வேர் வழியே ஏறி நாக்குக்கு வருவதில்லை. அப்படிச் சொல்பவர்கள் பல நேரம் குறிப்பது, உங்களைப் பயமுறுத்திய அதே தீக்குச்சி மணத்தையும் கூர்மையான புளிப்பையும்தான். சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை, நானும் பயன்படுத்துகிறேன்.

கடைசியாக இரண்டாவது பாட்டில். பீப்பாயில் நொதித்த ஷார்டனே பொதுவாக அறுவடையிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் நன்றாக இருக்கும். பர்கண்டியின் சிறந்த தோட்டத்து ஒயின்கள் பத்து வருடத்தையும் தாண்டும். ஆனால் 1995, 1996 அறுவடை வெள்ளை பர்கண்டிகளில் பல, எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் கருமஞ்சளாகி, அடிபட்ட ஆப்பிள் வாசனையோடு வந்து எல்லோரையும் அதிரவைத்தன. கார்க், குறைந்த கந்தகம், மென்மையான பிழிதல், அளவுக்கு மீறிய கலக்கல் என்று பலவற்றின் மேல் பழி போட்டார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் என் யோசனை, பத்து வருடக் கனவெல்லாம் வேண்டாம். இருட்டான, 12 டிகிரியை ஒட்டிய இடத்தில், கார்க் போட்டதென்றால் படுக்கவைத்து, ஒன்றிரண்டு வருடம் வையுங்கள். நடுநடுவே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறம் பழைய பித்தளையாக மாறத் தொடங்கினால் அன்றே திறந்துவிடுங்கள். திறக்கும் அன்று அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், தீக்குச்சி முழுக்கப் போகாவிட்டாலும் பின்னால் போய் நிற்கும். குடித்து முடித்ததும் கிளாசை உடனே கழுவிவிடாதீர்கள். மரத்திலிருந்து வரும் பொருள்கள் எளிதில் ஆவியாகாதவை, ஒயின் காய்ந்த பிறகும் கிளாசின் சுவரில் ஒட்டியிருக்கும். கால் மணி நேரம் கழித்து அந்தக் காலிக் கிளாசை முகர்ந்து பாருங்கள். நண்பர் சொன்ன வெனிலா அங்கே கொஞ்சம் கிடைக்கக்கூடும்.